மணிக்கூடு சாட்சி சொல்லுமா?

வாப்பாவின் பழைய மணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் கல்முனைச் சந்தையில் காத்திருந்தேன். அது தினமும் முறுக்குக் கொடுக்க வேண்டிய வகை. அங்கே என்னிடம் படித்த மாணவன் ஒருவன் எதிர்ப்பட்டான். சுவிட்சர்லாந்தில் வேலை செய்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். "சேர், இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறீங்களா?" என்று கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான்.

அதுவும் இயந்திர மணிக்கூடுதான். ஆனால் அதில் திகதியைச் சொல்லும் எண் எதுவும் இல்லை. முகப்பைச் சுற்றி 31 சிறு துளைகள் இருந்தன, அவற்றுள் ஒன்றில் மட்டும் நிறப்புள்ளி தெரிந்தது. மாதத்துக்கு 12, கிழமைக்கு 7 துளைகள். இன்று என்ன திகதி என்பதை நாமே எண்ணிக்கொள்ள வேண்டும்.

அதைச் செய்தது லூசர்ன் நகரில் 2006இல் தொடங்கப்பட்ட 'ஓக்ஸ் உண்ட் யூனியர்' என்ற சிறு பட்டறை. வடிவமைத்தவர் 1952இல் பிறந்த லுட்விக் ஓக்ஸ்லின். தொல்லியலும் பண்டைய மொழிகளும் படித்தவர். வத்திக்கானிலுள்ள 18ஆம் நூற்றாண்டு வானியல் கடிகாரம் ஒன்றைப் பிரித்துச் செப்பனிட்டவர். மற்றவர்கள் பல டசின் பாகங்களை அடுக்கிச் செய்யும் நாட்காட்டி வேலையை இவர் விரல்விட்டு எண்ணக்கூடிய பாகங்களால் முடித்துவிடுகிறார். 30 நாள் மாதம் எது, 31 நாள் மாதம் எது என்பது அந்த மணிக்கூட்டுக்குத் தெரியும். பெப்ரவரி மட்டும் தெரியாது. ஆண்டுக்கொரு முறை, மார்ச் பிறக்கையில், உரியவரே கையால் திருத்த வேண்டும்.

அன்றிரவு எனக்கு அந்தப் பெப்ரவரி ஞாபகமாகவே இருந்தது. மாணவன் இன்னொரு படத்தையும் காட்டியிருந்தான். 'பார்மிஜியானி' என்ற சுவிஸ் நிறுவனம் செய்த ஹிஜ்ரிக் கைக்கடிகாரம் அது, 2020இல் ஜெனீவாவில் பரிசு பெற்றது. 30 ஆண்டுச் சுற்றில் 11 ஆண்டுகளுக்கு ஒரு நாளைக் கூட்டும் கணக்கைப் பற்சக்கரங்களில் பொதிந்து வைத்திருக்கிறார்கள். றமழான் 29ஆ, 30ஆ என்று அது யாரையும் கேட்பதில்லை.

அதனிடம் பிழை காண நான் வரவில்லை. கணக்கு நமக்கு அந்நியமானதுமல்ல. அல்ஜஸரி தம் நீர்க்கடிகாரங்களை 1206இல் நூலாக எழுதி முடித்தார். டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளரான இப்னு அல்ஷாத்திர் 1371இல் அதன் மினாராவுக்கென்று பெரிய சூரியக் கடிகாரம் செய்தார். இன்று நாம் பாங்கு சொல்வதும் கணித்து அச்சிட்ட அட்டவணையைப் பார்த்துத்தானே?

ஆனால் சிறு வயதுச் சம்பவம் ஒன்று என்னை விடுவதில்லை. எங்கள் ஊரில் கடல் கிழக்கே, வயல் மேற்கே. தலைப்பிறை பார்க்க வயல் பக்கம் போக வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒரு நோன்பு 29இன் மாலை, முகில் விளிம்பைக் கண்டு "பிறை! பிறை!" என்று கத்திவிட்டேன். வாப்பா என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார். பெரியவர்கள் வட்டமாக இருந்து விசாரித்தார்கள். கொம்பு எந்தப் பக்கம்? எவ்வளவு உயரத்தில்? எவ்வளவு நேரம் நின்றது? மூன்றாவது கேள்வியில் எனக்கு அழுகை வந்தது. "கண்ட மாதிரி இருந்திச்சு" என்றேன். ஒருவரும் ஏசவில்லை. "இல்லையென்று சொன்னாயே, அதுவும் சாட்சிதான்" என்றார் ஒரு முதியவர். மறுநாளும் ஊர் நோன்பிருந்தது.

அந்த மணிக்கூடு என்னைவிடச் சரியாகச் சொல்லியிருக்கும். ஆனால் ஓர் ஊரின் பெருநாள் தன் நாவில் தங்கியிருக்கிறது என்ற பயம் அதற்கு வந்திராது. நேரத்தை அறிவது ஒன்று, நேரத்துக்குப் பொறுப்பேற்பது இன்னொன்று. இயந்திரத்தால் முதலாவது முடியும். இரண்டாவதையும் அதன் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

1996 மே மாதம், வரட்சியால் நீர்மின் உற்பத்தி குறைய, அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நீடித்தது. நான் அப்போது மாணவன். ஆறே காலுக்கு இருந்த மஃரிப் ஏழே காலுக்குப் போனது, சூரியன் இருந்த இடத்திலேயே இருந்தது. சிறு பிள்ளைகள் விடியுமுன்னே பாடசாலைக்குப் புறப்பட்டார்கள். எல்லா மணிக்கூடும் ஒழுங்காகத்தான் ஓடின. பிள்ளைகளின் தூக்கத்துக்கு எந்த மணிக்கூடு பதில் சொல்லும்? முள்ளைத் திருப்பிய கைதான் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் வாப்பாவுக்கு நோன்பு, தம்பிக்குப் பெருநாள். தம்பி கணிப்புப் பிறையின் பக்கம். உம்மா வட்டிலப்பத்தை வெட்டாமல் மூடி வைத்துவிட்டு இருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தா. வாப்பா பிறையைக் காட்டினார், தம்பி கணக்கைக் காட்டினான். கணக்கு பெரிதா, கண் பெரிதா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் உம்மாவின் முகத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பை இருவருமே ஏற்கவில்லை. நடுவில் வாய்மூடி இருந்த நானும் ஏற்கவில்லை.

வாப்பா இப்போது இல்லை. அவருடைய மணிக்கூடு திருந்தி வந்துவிட்டது. நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது. திருத்தியவர், "இன்னும் சரியாக்கலாம், சேர்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பின் அதை முறுக்கி, இரண்டு நிமிடம் முன்னே தள்ளுகிறேன். அந்த இரண்டு நிமிடம் என் பொறுப்பு.