கௌதாரியும் காடையும்

கௌதாரியைப் பிடிக்கக் கண்ணி மட்டும் போதாது. இன்னொரு கௌதாரியும் வேண்டும். இந்த உண்மையை நான் பத்து வயதில் தெரிந்துகொண்டேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் கரிசல் காட்டில் கௌதாரியும் இருந்தது, காடையும் இருந்தது. இரண்டும் தரையில் இரை பொறுக்கி வாழ்பவை. இரண்டுக்கும் காய்ந்த புல்லின் நிறம். ஆனால் சுபாவம் வேறு. காடை ஒரு கைக்குள் அடங்குகிற பறவை. ஆள் அரவம் கேட்டால் புல்லோடு புல்லாய்ப் பதுங்கிவிடும். மிதிபடும் அளவுக்கு நெருங்கினால்தான் விர்ரென்று எழும்பும். கௌதாரி அதைவிடப் பெரிது. சேவலுக்குக் காலில் முள் உண்டு. பொழுது விடிகிறபோதே, 'இது என் இடம்' என்று ஊரறியக் கத்தும். வேறொரு சேவல் எதிர்க்குரல் கொடுத்தால் பொறுக்காது. சண்டைக்கு ஓடி வரும்.

அந்த ரோஷம்தான் அதற்கு எமன். எங்கள் ஊரில் கண்ணி வைக்கும் பெரியவர் ஒருவர், குஞ்சிலேயே பிடித்துக் கரையானும் தினையும் கொடுத்து வளர்த்த கௌதாரி ஒன்றை வைத்திருந்தார். கூண்டை உடைமரத்தடியில் வைத்துச் சுற்றிலும் கண்ணி பரப்புவார். உள்ளே இருப்பது கூவும். காட்டில் இருப்பது பாய்ந்து வரும். அவ்வளவுதான்.

ஒரு நாள் கூண்டுப் பறவைக்குத் தினை போட மாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

"இது துரோகி, தாத்தா!"

பெரியவர் சிரித்தார். "அதுக்கு என்ன தெரியும் தம்பி? கூவுறது அது. கண்ணி வச்சவன் நானில்லே?"

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வேட்டை இன்று குற்றம். ஆனால் பெரியவரின் பேச்சு என்னை விடவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் தகராறு மூண்டது. ஊழியர்கள் நிர்வாகத்தை நம்பவில்லை, என்னை நம்பினார்கள். "நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மனம்விட்டுப் பேசுவார்கள்" என்றார் மேலதிகாரி. சொன்னேன், வந்தார்கள், பேசினார்கள். அடுத்த மாதம், அதிகம் பேசிய மூவருக்கு வேலை போயிற்று. 'கூப்பிட்டது மட்டும்தான் நான். கண்ணி வைத்தவன் வேறு' என்று பல இரவுகள் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. கூண்டுப் பறவைக்குக் கண்ணி இன்னதென்று தெரியாது. நானோ, மேலதிகாரியின் மேஜைமேல் பெயர் குறிக்கக் காகிதம் தயாராக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். பறவைக்குள்ள மன்னிப்பு அதன் அறியாமைக்கு உரியது. அதை நான் கேட்பது எப்படி?

கூண்டில் இருந்தவன் என்ன செய்வான் என்று நண்பர்கள் சொன்னார்கள். கூண்டின் வல்லமையை நான் மறுக்கவில்லை. இன்று பண்ணைகளில் வளர்க்கும் ஜப்பானியக் காடை, தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வாழ்ந்து அடைகாக்கும் குணத்தையே ஏறக்குறைய இழந்துவிட்டது. அதன் முட்டையைப் பொரிக்க இயந்திரம் வேண்டியிருக்கிறது. ஆனால் எனக்கு வாய்த்த கூண்டு மாதச் சம்பளம். அதன் கதவு சாத்தியிருக்கவில்லை.

பிற விலங்கைப் பிடிக்கப் பழக்கிய விலங்கை நம் முன்னோர் 'பார்வை' என்றார்கள். புறநானூற்றின் 320-ஆம் பாட்டில், வேடன் உறங்குகிறான். அவன் வீட்டுப் பார்வைப் பிணைமானிடம் ஒரு கலைமான் வந்து விளையாடுகிறது. வேடன் மனைவி பார்க்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ, கலைமான் பிணையைப் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, அடிச்சத்தம் கேட்காமல் இருக்கிறாள். அதற்குள் அவள் காயப்போட்ட தினையைக் கானக்கோழியும் இதலும் வந்து தின்றுவிடுகின்றன. இதல் என்பதைக் காடை என்பார்கள், கௌதாரி என்பார்கள்.

அவளும் வேடன் வீட்டுச் சோற்றை உண்டவள்தான். ஆனாலும் போகிற தினை போகட்டும் என்று இருந்தாள். நான் என் தினையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்த மூவரில் ஒருவரைப் பின்னொரு நாள் பஸ்ஸில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து, "உட்காருங்க சார்" என்றார். நான் இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தேன்.