எனக்குப் பிடித்த கத்தி

ஒரு மடக்குக் கத்தி வாங்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். கத்தியால் எனக்கு ஆக வேண்டிய காரியங்கள் மூன்று: பழம் நறுக்குவது, பென்சில் சீவுவது, புத்தகப் பார்சல்களின் சணலை அறுப்பது. மூன்றையும் சமையலறைக் கத்தியே செய்துவிடும் என்றாள் என் மனைவி. சரியாகத்தான் சொன்னாள். தேவை என்ற தளத்தில் நின்று பேசினால் நான் வாய் திறக்கவே இடமில்லை. ஆனால் எட்டு மாதமும் நான் சொல்லிக்கொண்டிருந்தது 'எனக்கு ஒரு கத்தி வேண்டும்' என்றல்ல. 'எனக்குப் பிடித்த கத்தி இன்னும் அகப்படவில்லை' என்று. இந்த 'எனக்குப் பிடித்த' என்ற அடைமொழிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கிளறுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கத்தியை 1974ல் மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். (1985ல் அந்தக் கட்டிடம் எரிந்த பிறகு பிறந்தவர்களுக்கு அது வெறும் பெயர்.) பழைய புத்தகம் தேடிப் போனவன், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கும் நடுவே கிடந்த அதைக் கையில் எடுத்தேன். அலகின் அடியில் ஷெஃபீல்ட் என்று பொறித்திருந்தது. கொம்புப் பிடி, பெரிதும் சிறிதுமாய் இரண்டு அலகுகள். சின்ன அலகு இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கென்று ஏற்பட்டது. பேனாக்கத்தி என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது அந்த இறகின் ஞாபகத்தில்தான். அலகிலுள்ள பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் முதுகுப்புறத்து வில் முதலில் முறைத்துக்கொள்ளும். பாதி வழியில் மனசு மாறி, 'டக்'கென்று அலகை நிறுத்தும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். இதுதான் என் கத்தி என்று அரை நிமிஷத்தில் பட்டுவிட்டது. அதற்குமுன் ஒரு மடக்குக் கத்தியையும் கையில் வைத்திராத ஒருவனுக்கு அது எப்படிப் பட்டிருக்க முடியும் என்ற கேள்வி அன்றைக்கு எழவில்லை. இரண்டு வருஷம் கழித்து ரயிலில் தொலைத்தேன்.

1978ல் புதுச்சேரியில் ஒரு வருஷம் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தெருவில் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கெல்லாம் அங்கே அதுதான் பெயர். இவர் இந்தோசீனாவிலும் பிறகு அல்ஜீரியாவிலும் இருந்தவர். ஆனால் யுத்தத்தைப்பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, முழங்கால்மேல் துண்டை விரித்து, மாம்பழம் நறுக்குவார். நறுக்குவது ஓர் ஒப்பினெல் கத்தியால்.

ஒப்பினெல்லைப்பற்றிச் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் பிரான்சின் பக்கம் இருக்கும் சவோய் பிரதேசத்தில், கோடாரியும் அரிவாளும் அடிக்கும் பட்டறைக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ல் உருவாக்கிய கத்தி அது. 1897ல் அளவு வாரியாக 1 முதல் 12 வரை எண் கொடுத்தார். சொல்தாவிடம் இருந்தது எட்டாம் எண். எட்டரை சென்டிமீட்டர் அலகு. பீச் மரத்தில் கடைந்த ஒரு பிடி, அதில் ஒரு பிளவு, ஓர் அலகு, ஓர் ஆணி, கழுத்தில் ஓர் இரும்பு வளையம் - ஆரம்பத்தில் இவ்வளவுதான் கத்தி. 1955ல் இன்னொரு வளையத்தைச் சேர்த்தார்கள். அதைத் திருகிவிட்டால் அலகு விரல்மேல் மடங்காது. ஷெஃபீல்ட் கத்தியின் வில் இதில் கிடையாது. மரத்தின் இறுக்கம்தான் அலகைப் பிடித்து நிற்கிறது. 'டக்' என்ற சத்தமும் கிடையாது. எனக்கு அது முதலில் கத்தியாகவே படவில்லை.

ஒரு நாள் கேட்டேன்:

"இந்தக் கத்தியை எதனாலே தேர்ந்தெடுத்தீங்க, ஐயா?"

"தேர்ந்தெடுக்கிறதா? கடையிலே இருந்துது, தம்பி. வாங்கினேன்."

"பிடிச்சிருந்துதா?"

அவர் கத்தியை ஒரு தடவை பார்த்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். "நறுக்குது" என்றார்.

கையில் வாங்கிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்குமேல் கல்லில் தீட்டித் தீட்டி அலகின் அகலம் பாதியாகியிருந்தது. கார்பன் எஃகு, பழப் புளிப்பில் கறுத்துப்போய், அந்தக் கறுப்பிலும் சாம்பலும் நீலமுமாய்த் திட்டுத் திட்டாக இருந்தது. பிடி அவருடைய உள்ளங்கைக்குத் தக்கபடி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. என் கையில் உட்கார மறுத்தது. அதுவரை நான் கண்டவற்றில் 'ஒருவனுக்கு ஏற்ற கத்தி' என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதை வைத்திருந்தவரோ தேர்வு என்ற காரியத்தையே செய்யாதவர்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ரசனை என்பது அனுபவத்துக்கு முந்தியதா பிந்தியதா? மூர் மார்க்கெட்டில் எனக்கு அரை நிமிஷத்தில் உண்டான நிச்சயத்தை ரசனை என்று சொன்னால், சொல்தாவுக்கும் அவர் கத்திக்கும் இருந்ததை என்னவென்று சொல்வது? பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பழக்கம் என்ற சொல்லில் நாம் ஒரு இளக்காரத்தை ஒளித்து வைத்திருக்கிறோம். தேர்ந்தெடுத்தவன் மேல், கிடைத்ததோடு வாழ்ந்தவன் கீழ் என்று. கல்யாண விஷயத்திலும் இதே இளக்காரம் நம் எழுத்தாளர்களிடம் உண்டு. அது வேறு கட்டுரைக்கு உரியது.

இந்த எட்டு மாதத் தேடலில் நான் நிராகரித்த கத்திகளையும் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் கத்தி முதலாவது. 1891ல் அந்த நாட்டுச் சிப்பாய்க்குக் கொடுத்த கத்தியில் ஓர் அலகு, தகர டப்பா திறக்க ஒன்று, துளை போட ஒன்று, துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி ஒன்று - கத்தி பிறந்ததே ஒரு துப்பாக்கிக்கும் ஒரு டப்பாவுக்கும் சேவகம் செய்ய. 1897ல் தக்கை திருகியும் சேர்ந்து அதிகாரிக் கத்தி வந்தது. அதை ராணுவம் கொடுக்கவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். குறை சொல்ல முடியாத கத்தி. ஆனால் எந்தக் கேள்விக்கும் பதிலைத் தயாராகப் பையில் வைத்திருக்கும் மனிதர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அடுத்தது ஜப்பானில் மிகி என்ற ஊரில் செய்யும் ஹிகோனொகாமி. ஒரே தகட்டை மடித்ததுதான் பிடி. வில்லும் இல்லை, வளையமும் இல்லை; அலகின் அடியில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் அலகு நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி. 1960 அக்டோபரில் டோக்கியோவில், மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் தலைவர் அசனுமாவைப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். குத்தியது குறுவாளால், இருந்தாலும் அதன் பிறகு பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று ஓர் இயக்கம் கிளம்பி, பென்சில் சீவிய கத்தி பழி சுமந்தது. இந்தக் கதை என்னை வெகுவாகப் பிடித்துக்கொண்டது. அதனாலேயே வாங்கவில்லை. கதையைத்தான் வாங்குகிறேன், கத்தியை அல்ல என்று ஒரு சம்சயம்.

நிராகரித்த காரணங்களைத் திரும்பப் பார்த்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. ஒன்றுகூடக் கத்தியைப்பற்றியது இல்லை. எல்லாம் என்னைப்பற்றியவை: எந்தக் கத்தியோடு என்னைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்மதம் என்பதைப்பற்றியவை. கடைசியில் ஒப்பினெல் எட்டாம் எண்ணை, கார்பன் எஃகிலேயே, வரவழைத்தேன். பியர் பூர்தியு இருந்தால் சிரித்திருப்பார். ரசனை என்று நாம் பெருமைப்படுவது நம் வர்க்கம் நமக்குள் எழுதிவைத்த குறிப்பு என்று 1979ல் ஒரு தடித்த புத்தகமே போட்டவர் அவர். வயலில் கால் வைத்தறியாத குமாஸ்தா குடியானவனின் கத்திக்கு ஆசைப்படுவதை அவர் ஒரு அடிக்குறிப்பில் முடித்துவிடுவார். நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் என் வர்க்கம் ஒப்பினெல்லைத் தேர்ந்தெடுத்தது என்று சொன்ன பிறகும், அந்தக் கத்தி நல்ல கத்தியா என்ற கேள்வி அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. அதை அவர் தொடவில்லை.

காண்ட் தொடுகிறார். ருசியையும் அழகையும் அவர் 1790ல் பிரித்து வைத்தார். கேனரித் தீவு மது இனிது என்று ஒருவன் சொன்னால், 'எனக்கு இனிது' என்று அவனைத் திருத்தலாம், அவனும் ஒப்புக்கொள்வான். ஒரு கட்டிடத்தையோ கவிதையையோ காட்டி 'இது எனக்கு அழகு' என்று சொன்னால் மட்டும் அது நகைப்புக்கிடம். அழகு என்று சொன்ன மாத்திரத்தில் அவன் எல்லோர் சார்பிலும் பேசிவிட்டான். மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்டுவிட்டான். அப்படியானால் 'எனக்கு' என்பது ஒரு சின்னச் சொல் இல்லை. அதைச் சேர்ப்பதும் விடுவதும், பொறுப்பை ஏற்பதும் தட்டிக்கழிப்பதும் ஆகும்.

ஆரம்பத்தில் சொன்ன வேறொரு காரணம் இதுதான். 1982ல் ஒரு சிறு பத்திரிகைக்கு வந்த கவிதைகளைப் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் இருந்தது. தென்கோடியிலிருந்து ஒரு பையன் ஐந்து கவிதைகள் அனுப்பினான். திருப்பி அனுப்பும்போது ஒரு வரி எழுதினேன்: 'இவை எனக்கு ருசிக்கவில்லை.' அடக்கமான வாக்கியம் என்று அப்போது நினைத்தேன். 'இவை மோசம்' என்று தீர்ப்புச் சொல்லாமல், என் நாக்கைப்பற்றி மட்டும் பேசியிருக்கிறேன் அல்லவா. பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. 'உங்களுக்கு ருசிக்காதது எது என்று சொல்லியிருந்தால் அதை விட்டுவிடலாமா வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்திருப்பேன். இப்போது உங்களைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.' இவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் பெயரை எந்தப் பத்திரிகையிலும் நான் பார்க்கவில்லை. என் வரியினால்தான் என்று சொல்லிக்கொள்வது ஒருவகை அகங்காரம். வேலை கிடைத்திருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம், கவிதை அலுத்திருக்கலாம். ஆனால் 'எனக்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதை அந்தக் கார்டு கண்டுபிடித்துவிட்டது. கருத்தை மறுத்தால் வாதம் செய்யலாம். நாக்கோடு யார் வாதம் செய்வது?

ஹியூம் 1757ல் எழுதிய கட்டுரையில் டான் க்விக்ஸாட்டிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். ஒரு பீப்பாய் மதுவை இருவர் ருசி பார்க்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாசம் என்கிறான் ஒருவன். நல்லதுதான், ஆனால் இரும்பு ருசி என்கிறான் மற்றவன். ஊர் சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு சாவி கிடக்கிறது, தோல்வாரில் கட்டியபடி. ருசிக்கு ஆதாரம் உண்டு என்பதற்கு ஹியூம் இதைக் காட்டுகிறார். எனக்கு இதில் உறைத்தது வேறு. அந்த இருவரும் வெறுமனே 'பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தோல் என்றார்கள், இரும்பு என்றார்கள். சிரிப்பு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள்.

கத்தி விஷயத்தில் எனக்கு அந்தத் தைரியம் தாராளமாக இருக்கிறது. ஒப்பினெல்லின் மரப்பிடி மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பருத்துக்கொள்ளும்; அலகு பிளவுக்குள் சிக்கி வெளியே வராது. இந்த ஐப்பசியில் அப்படித்தான் ஆயிற்று. பிடியின் அடியைப் படிக்கல்லில் ஓங்கித் தட்டினேன். அலகின் முதுகு ஒரு நூல் வெளியே வந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். சவோய்க்காரர்களும் இப்படித்தான் தட்டுகிறார்களாம், அதற்கு அவர்கள் பெயரே உண்டு. இது குறைதான் என்று சொல்வேன், ஏன் குறை என்று சொல்வேன், வில் இல்லாததன் விலை இது என்றும் சொல்வேன். ஒரு மரத்துண்டுக்குக் காட்டிய இந்தக் கவனத்தை ஐந்து கவிதைக்கு நான் காட்டவில்லை.

அந்த ஐந்தையும் நான் அப்போது கையால் பிரதி எடுத்து வைத்திருந்தேன். ருசிக்காதவற்றை எதற்குப் பிரதி எடுத்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. போன மாதம், படிக்கல்லில் கத்தியைத் தட்டிய அன்று ராத்திரி, அவற்றைத் தேடி எடுத்துப் படித்தேன். மாட்டுக் கொட்டில், ஒரு தாத்தா, இருட்டில் சாணி வாசம், கயிறு தேய்ந்த முளை. எல்லாம் அவன் கண்ணால் பார்த்தவை, ஆளுக்கொரு வார்த்தை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது கவிதையில், முளையைப்பற்றிப் பேசிக்கொண்டே வந்தவன், கடைசி வரியில் 'பிரபஞ்ச வெறுமை' என்கிறான். தோல் வாசம் அதுதான். மற்ற நான்கிலும் அது இல்லை. அந்தச் சொல் அவனுடைய ஊரில் விளைவதல்ல. அந்த வருஷம் எங்கள் பத்திரிகையின் முதல் மூன்று இதழ்களை எடுத்துப் பார்த்தேன். ஏழு இடத்தில் இருந்தது. இரண்டு இடத்தில் என் கட்டுரையில்.