மன்னிப்பும் நீதியும்: ஒரு கதையின் மூன்று வடிவங்கள்

நாவலொன்று திரைப்படமாக்கப்படும்போது, அது மூலத்துக்கு உண்மையாக அமைந்துள்ளதா என்னும் வினாவே பெரும்பாலும் முதலில் எழுப்பப்படுகின்றது. நெறியாளர் கதையைக் கெடுத்துவிட்டார் என்றோ, காப்பாற்றிவிட்டார் என்றோ தீர்ப்புக் கூறப்பட்டதும் விவாதமும் முடிந்துவிடுகின்றது. ஆனால் வடிவம் மாறும்போது கதை எழுப்பும் அறப் பிரச்சினையும் மாறுகின்றதா என்பது அதனினும் அடிப்படையான வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஜெயகாந்தனின் படைப்புகள் ஏற்றதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றன. 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதை 1966 இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்தது. அக்கதையின் அடியாகப் பிறந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவல், 1972 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்கடமிப் பரிசைப் பெற்றது. 1977 இல் ஏ. பீம்சிங்கின் நெறியாள்கையில் அதே பெயரில் திரைப்படமாகவும் வெளிவந்தது. திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதினார். எனவே பிறர் கைபட்டதனால் கதை திரிந்தது என்னும் வழக்கமான முறைப்பாட்டுக்கு இங்கு இடமில்லை. ஒரே எழுத்தாளர் ஒரே நிகழ்ச்சியை மும்முறை அணுகியுள்ளார் என்பதே மனங்கொள்ளத்தக்கது.

நிகழ்ச்சி எளிமையானது. மழை பெய்யும் மாலை நேரமொன்றில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் கல்லூரி மாணவியொருத்தி, முன்பின் அறியாத இளைஞன் ஒருவனின் காரில் ஏறுகின்றாள். உலகம் அறியாத அப்பெண்ணின் இசைவு கேட்கப்படாமலே அவளது வாழ்வைப் பாதிக்கும் செயல் நிகழ்ந்துவிடுகின்றது. வீடு திரும்பியவள் தாயிடம் நடந்ததைக் கூறுகின்றாள். கைம்பெண்ணான அத்தாய் முதலில் பதறுகின்றாள், அடிக்கின்றாள். பின்னர், அயலவர் காதில் விழுந்துவிடுமோ என்ற அச்சமும் மகள்மீது கொண்ட பரிவும் ஒன்றுசேர, அவளை அழைத்துச் சென்று தலையில் நீரூற்றுகின்றாள். அந்த நீரே நெருப்பு, மகள் தூயவளாகிவிட்டாள் என்று தேற்றுகின்றாள். இதனை எவரிடமும் கூறலாகாது என்றும் அறிவுறுத்துகின்றாள்.

சீதை தீக்குளித்த புராண நிகழ்ச்சியைத் தலைப்பிலேயே நினைவூட்டும் இக்கதை, அதனைத் தலைகீழாக்கிவிடுகின்றது. அங்கே சோதனை ஊரறிய நடைபெற்றது. இங்கே ஒருவரும் அறியாமல் வீட்டினுள்ளே நடைபெறுகின்றது. அங்கே கணவன் ஐயத்தின் பொருட்டுத் தீயைக் கோரினான். இங்கே தாய் அன்பின் பொருட்டு நீரை எடுக்கின்றாள். கல்வியறிவோ சீர்திருத்தக் கொள்கையோ இல்லாத பெண்ணொருத்தி, மரபு தந்த சடங்கையே கருவியாகக் கொண்டு மரபின் கொடுமையிலிருந்து மகளை மீட்கின்றாள். இக்கதையின் ஆற்றல் இதிலேயே தங்கியுள்ளது எனலாம்.

எனினும் இம்மன்னிப்பைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து இரண்டு ஐயங்கள் எழுகின்றன. தவறு செய்யாத ஒருத்தியை மன்னிப்பது எவ்வாறு என்பது முதலாவது. தூய்மைப்படுத்துதல் என்னும் செயலே அவள் மாசடைந்தாள் என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே பொருளுடையதாகின்றது. தாய் மகளை விடுவிக்கின்றாள். ஆனால் மகளைக் குற்றவாளியாக்கும் அளவுகோலைத் தொடாமலே விடுகின்றாள். இரண்டாவது ஐயம் இரகசியம் பற்றியது. இத்தூய்மை, தாய் வாய் திறவாதவரை மட்டுமே நிலைக்கக்கூடியது. ஒரு மனிதரின் மௌனத்தில் தொங்கும் விடுதலையைக் கருணை என்று கூறலாம். நீதி என்று கூறுதல் இயலாது.

சிறுகதையின் வடிவம் இவ்வையங்களை மறைத்துவிடுகின்றது. அது ஒரு மாலைப்பொழுதுக்குள் தொடங்கி முடிந்துவிடுவதனால், மறுநாள் விடிந்ததும் என்ன நிகழும் என்று அதனிடம் கேட்க முடியாது. கார் மறைந்ததும் அவ்விளைஞனும் கதையின் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றான். தாய், மகள், நீர் ஆகிய மூன்றுமே எஞ்சுகின்றன. இது வடிவத்தின் குறைபாடன்று. ஒரு செயலின் ஒளியை அதன் விளைவுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது சிறுகதைக்கு இயல்பானதே. ஆயினும் அவ்வாறு பிரித்துக் காட்டப்படுவதனாலேயே தாயின் செயல் முழுமையானதாகத் தோன்றுகின்றது என்பதை மறத்தலாகாது.

நாவல் அத்தாயின் செயலை அகற்றிவிட்டுத் தொடங்குகின்றது. இங்கே தாய் நீரூற்றவில்லை, கூக்குரலிடுகின்றாள். செய்தி பரவுகின்றது. தமையன் கங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகின்றான். மாமனின் ஆதரவில் அவள் படித்து உத்தியோகம் பெறுகின்றாள்; அந்த ஆதரவின் பின்னே அம்மாமனின் இழிந்த நோக்கமும் மறைந்திருக்கின்றது. பல ஆண்டுகள் கழித்து, தனக்கு நேர்ந்ததை ஒத்த கதையொன்றைச் சஞ்சிகையில் அவள் படிக்கின்றாள். அக்கதையே 'அக்கினிப் பிரவேசம்'. நாவலில் அதனை எழுதியவர் ஆர்.கே.வி. என்னும் பாத்திரம். கதையிலுள்ள தாயின் செயல், நாவலிலுள்ள தாய் கனகத்துக்குத் தன்மீது வழங்கப்பட்ட தீர்ப்பாக அமைகின்றது. புனைகதையொன்று இன்னொரு புனைகதையின் மனச்சாட்சியாக நிற்கும் இவ்வமைப்பு, வெறும் உத்தியன்று. ஒரு தாய் எவ்வாறு நடந்திருக்கலாம் என்பதை அறிந்துகொண்டே, அவ்வாறு நடவாத உலகில் வாழவேண்டிய துயரத்தை அது புலப்படுத்துகின்றது.

நாவலின் மற்றுமொரு சிறப்பு, மறைந்துபோன அவ்விளைஞனை அது மீண்டும் அழைத்து வருவதாகும். இப்போது அவன் பிரபு; மனைவியும் மக்களும் உடையவன். அவன் கொடியவனாகவன்றிப் பலவீனனாகவே சித்திரிக்கப்படுகின்றான். ஒருவனோடு நேர்ந்த தொடர்பினால் கங்கையின் வாழ்வு முழுவதும் குலைந்திருக்க, அதே நிகழ்ச்சி அவனது வாழ்வில் எவ்விதச் சுவடும் பதிக்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சிறுகதையால் காட்ட முடியாது. காலம் கடந்து செல்வதைக் காட்டும் நாவலாலேயே முடியும். 'அவளை மன்னிக்கலாமா?' என்று சிறுகதையை ஒட்டி எழுந்த விவாதம், நாவலில் 'அவளை எந்த உரிமையோடு எவர் தண்டித்தார்?' என்று மாறுகின்றது.

திரைப்படத்துக்கு வரும்போது பிரச்சினை மீண்டும் உருமாறுகின்றது. 1961 இல் வெளிவந்த 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு' முதலிய படங்களால் பீம்சிங் புகழ்பெற்றவர். குடும்பப் பாசத்தைத் திரையில் உருக்கமாகக் காட்டிய அந்நெறியாளர், குடும்பமே தன் பெண்ணைக் கைவிடும் கதையை இங்கு எடுத்துக்கொண்டார். கங்கையாக நடித்த லட்சுமிக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. ஸ்ரீகாந்த் பிரபுவாகவும், நாகேஷ் எழுத்தாளராகவும் நடித்தனர். நாவலில் கங்கையின் உள்ளத்தினூடாக வாசகரை எட்டும் சிந்தனைகளைத் திரையில் நடிகையின் முகமும் உரையாடலுமே சுமக்க வேண்டியுள்ளன.

வாசகர் தனித்திருந்து படிக்கின்றார். பார்வையாளரோ கூட்டத்தில் அமர்ந்து காண்கின்றார். சிறுகதையின் தாய் எந்த அயலவருக்கு அஞ்சினாளோ, அந்த அயலவரின் இடத்திலேயே அரங்கிலுள்ளோர் அமர்ந்திருக்கின்றனர். எவரும் அறியலாகாது என்று மறைக்கப்பட்டதை அவர்கள் அனைவரும் அறிந்துவிட்டனர். இரகசியத்தைக் காவலாகக் கொண்ட தூய்மை இங்கே பொருளற்றதாகின்றது. அறிந்த பின்னரும் அவளை மதிப்பதா, அன்றேல் தமையனைப் போன்று கதவை அடைப்பதா என்னும் தெரிவு அவர்களிடம் விடப்படுகின்றது. திரையில் தோன்றும் பெண்ணுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. அரங்கைவிட்டு வெளியேறியதும் தம் தெருவில் வாழும் அத்தகைய ஒருத்தியைப் பற்றி என்ன பேசுகின்றனர் என்பதிலேயே அக்கண்ணீரின் மதிப்புத் தங்கியுள்ளது.

நாவலும் படமும் இத்துணை விரித்துரைக்கத் தேவையில்லை, சிறுகதையின் தாயே போதும் என வாதிப்பாரும் உளர். நீதி வரும்வரை பாதிக்கப்பட்டவள் காத்திருக்க முடியாது; அன்றிரவே அவளுக்கு ஒரு கை தேவைப்படுகின்றது என்பது அவர்தம் வாதம். இதில் பெரிதும் உண்மையுண்டு. சமூகம் திருந்தும்வரை நீரூற்றாதிருந்த தாயினால் கங்கைக்கு விளைந்ததை நாவலே காட்டுகின்றது. கொள்கையளவில் குறைபாடுடைய கருணை, செயலளவில் ஓர் உயிரைக் காப்பாற்றவல்லது.

எனவே கருணையா நீதியா என ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்வதற்கில்லை. தாயின் கருணை அன்றிரவுக்குரியது. அதற்கு அடுத்த நாள்களுக்கு அது போதாது. அந்நாள்களுக்குரிய பொறுப்பு தமையனுக்கும், மாமனுக்கும், பிரபுவுக்கும், அயலவருக்கும் உரியது. சிறுகதையை மட்டும் படித்து நெகிழ்ந்தவர் அப்பொறுப்பு முழுவதையும் ஒரு கைம்பெண்ணின் தலையிலேயே சுமத்திவிட்டு அமைதியடையக்கூடும். மூன்று வடிவங்களையும் ஒருங்கே நோக்குபவருக்கு அவ்வமைதி வாய்ப்பதில்லை. அவள் தூயவளா என்று கேட்பதை அயலவர் நிறுத்தும் நாளில் அத்தாய்க்கு நீரூற்ற வேண்டிய தேவையே இராது. அதுவரை, நீரூற்றிய தாயைப் போற்றுவோர், அவள் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு அதனைச் செய்ய நேர்ந்தது என்பதற்கும் விடைகூறக் கடமைப்பட்டவராவர்.