கேட்கும்போதெல்லாம் கொடுக்காத கடவுள்



பொதுக்காலம் 18ஆம் ஞாயிறாகிய இன்று, முதல் வாசகத்தை விடுதலைப் பயண நூல் 16ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டோம். வீட்டுக்குப் போனதும் இன்னும் ஐந்து வசனம் சேர்த்துப் படியுங்கள். ஆண்டவர் மன்னாவைப் பொழிந்ததோடு விடவில்லை. தலைக்கு இவ்வளவு என்று அளவும் வைத்தார். மோசே சொல்லியும் கேளாமல் சிலர் மறுநாளைக்கும் எடுத்து வைத்தார்கள். விடிந்து பார்த்தால் புழு, நாற்றம் வேறு.

அந்த நாற்றம் நம் பிள்ளைகள் சிலருக்குத் தெரியும். வீடு மந்திரிக்கப் போகிற இடங்களில் பார்க்கிறேன்: டிவி பக்கத்தில் கண்ணாடித் தொட்டி, அதில் ஆமைக் குட்டிகள், மேலே மிதக்கிற மிச்சத் தீவனம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பாட்டிமார் முணுமுணுப்பார்கள். ஆமை மேல் பழி வேண்டாம். ஆனால் நட்சத்திர ஆமையையோ நம் ஏரிப் பால் ஆமையையோ பிடித்து வைத்திருந்தால் அமீனாவுக்குப் பதில் வனத்துறை வரும். இரண்டும் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நான் சொல்வது, காதோரம் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமையை; வண்ணமீன் கடைகளில் விற்பது அதுதான்.

நற்செய்தியில் மக்கள் படகேறிக் கப்பர்நாகும் வரை தேடி வருகிறார்கள். ஆண்டவர் பூரித்துப்போகவில்லை. வயிறு நிறைந்ததால்தானே தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். நம்மை ஏமாற்றுவது சுலபம். அறைக்குள் நுழைந்தவுடன் ஆமை கழுத்தை நீட்டி, முன்னங்கால் நகத்தால் கண்ணாடியைப் பரபரவென்று பிராண்டும். பாசம் என்று நினைக்கிறோம். அது பார்ப்பது தீவன டப்பாவை. சற்று முன்தான் தின்றிருக்கும். அடுத்த இரை எப்போதோ என்று வாழ்ந்த இனம், கிடைத்தபோது தின்றுகொள்கிறது. ஐம்புலனை அடக்க ஆமையைப் பாரென்றார் வள்ளுவர். தீவனம் போடுகிற நேரத்தில் அவர் பார்த்ததில்லை போலும்!

ஆக, அளவு வைக்க வேண்டியது நாம். அதன் தலை எவ்வளவு பெரிதோ, ஒரு வேளைக்கு அவ்வளவு தீவனம் போதும். குட்டிக்குத் தினம் ஒரு வேளை. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. குட்டியாக இருக்கும்போது புழு, மீன் துண்டு என்று கவிச்சி கேட்கும். வளர வளர இலைதழை கூட வேண்டும். வேலம்பாசி, காரட் துருவல் போட்டால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விடுங்கள், பசித்தால் தின்னும். டப்பாவில் வருகிற காய்ந்த இறாலையே தினமும் கொட்டினால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும், சுண்ணாம்புச் சத்து இல்லாமல் ஓடு மெத்தென்று ஆகிவிடும். குருவிக் கூண்டில் வைக்கிற கடல்நுரைத் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டு வையுங்கள். காலை வெயிலைக் காட்டுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் உதவாது. ஒதுங்க நிழலும் இருக்கட்டும். சோறு, பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம். முறுக்குப் போட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன்! தொட்டியைத் தொட்ட பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். ஆமையிடமிருந்து சால்மோனெல்லா கிருமி தொற்றும்.

பட்டினி போடுகிறோமே என்று மனசு கேட்காதுதான். ஆனால் டப்பாவைத் திறப்பது அதன் பசிக்கா, நம் மனசு ஆறவா? பிள்ளை அழுதால் உடனே செல்போனை நீட்டுகிறதே, அதே கைதான் இதுவும். எல்லா உயிர்களுக்கும் கடவுள் உணவளிக்கிறார் என்று பாடுகிற 145ஆம் திருப்பாடல், தக்க காலத்தில் அளிக்கிறார் என்பதையும் சேர்த்தே பாடுகிறது.

இன்னொன்று. நாணயம் அளவில் வாங்கிய குட்டி சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும். நன்றாக வளர்த்தால் இருபது முப்பது ஆண்டுகூட இருக்கும். அலுத்துப்போய் அயப்பாக்கம் ஏரியில் விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். அது அங்கே மீனையும் தவளைக் குஞ்சையும் தின்னும். நம் ஊர் ஆமைகளின் இரைக்கும் வெயில் காய்கிற இடத்துக்கும் போட்டியாக நிற்கும். வளர்க்க முடியாதவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். வைத்துக்கொள்ள வேறு வீடு தேடுவோம்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.