நீதவானைத் தெரிந்தெடுத்தோர் யார்?

நீதி வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டதா? ஜாராட்சிக்கால ருஷ்ய மாவட்டங்களை நோக்குவோம். 1864ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், சமாதான நீதவான்களைத் தெரிந்தெடுக்கும் உரிமையைச் செம்ஸ்த்வோ என்னும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. அவர்தம் வேதனமும் மன்ற நிதியிலிருந்தே வந்தது. ஆயின், மாவட்ட மன்றங்களில் மேலோங்கி நின்றோர் நிலவுடைமையாளர். நீதவானாவதற்கும் பொதுவாகச் சொத்துத் தகைமை வேண்டியிருந்தது. குடியானவனுக்கும் பண்ணையாருக்கும் இடையெழுந்த வழக்கைப் பண்ணையாரின் வர்க்கத்தவரே விசாரித்தனர்.

எனினும், எல்லா வகுப்பாருக்கும் பொதுவாய், பகிரங்கமாய், வாய்மொழியாய் வழக்குரைக்க அங்கே இடமிருந்தது. இது சிறு பேறன்று. 1889இல் அதுவும் பறிபோயிற்று: பெரும்பாலான மாவட்டங்களில், பிரபு குலத்து 'நிலத் தலைவர்' நிருவாகத்தையும் நீதியையும் ஒரே கையிற் பற்றினார். 1912ஆம் ஆண்டுச் சட்டமே நீதவான்களை மீட்க வழிசெய்தது.

நாம் பெறும் பாடம் யாது? உடையோர் மட்டும் தெரிந்த நீதி ஊனமுற்றது. அதற்கு மருந்து தெரிவுரிமையை விரித்தலேயன்றி ஒழித்தலன்று.