ஜதிங்காவில் விழும் பறவைகளை அனுப்பியது யார்?

அசாமின் திமா ஹசாவ் மலை மாவட்டத்தில், ஹாஃப்லாங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜதிங்கா. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, நிலா இல்லாத இரவில் மூடுபனி இறங்கி, தெற்கிலிருந்து காற்றும் அடித்தால், ஊர் விளக்குகளை நோக்கிப் பறவைகள் வந்து விழும். மீன்கொத்தி, மடையான், கருங்குருகு, மரகதப்புறா என்று பல வகை. குளிர்காலத்தில் நம் ஊர்த் தோப்புகளுக்கு வரும் ஆறுமணிக்குருவியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. விழுந்த பறவை பிரமை பிடித்ததுபோல் உட்கார்ந்திருக்கும். கிட்டே போனாலும் பறந்து தப்பப் பார்ப்பதில்லை.

இதை முதலில் கண்டவர்கள் ஜேமி நாகர்கள் என்பது ஊர் வழக்கு. இரவில் மூட்டிய தீயைச் சுற்றிப் பறவைகள் விழ, பேயின் வேலை என்று பயந்து அந்த இடத்தையே விட்டுப் போனார்களாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய ஜைந்தியர்களின் தீப்பந்தங்களுக்கும் அதே பறவைகள்தான் வந்தன. அவர்கள் அதைக் கடவுள் கொடுத்தது என்றார்கள். மூங்கில் கம்பத்தில் விளக்கைக் கட்டினார்கள். தாழப் பறந்து வந்ததைக் கழியால் அடித்து வீழ்த்திச் சமைத்தார்கள்.

இயற்கையாளர் ஈ.பி. ஜீ எழுதி வெளியுலகம் அறிந்த பிறகு மூன்றாவது விளக்கம் ஒன்று முளைத்தது: பறவைகள் தற்கொலை செய்துகொள்கின்றன! மூன்றிலும் மோசமானது இதுதான். சாவு என்றால் என்னவென்று தெரிந்து, அதை விரும்பித் தேடுவதற்குப் பெயர் தற்கொலை. அந்த எண்ணம் ஒரு குருகுக்கு உண்டென்று எப்படிச் சொல்வது? பேய் என்றவர்களும் கடவுள் என்றவர்களும் பறவையின் தலையில் பழியைப் போடவில்லை. தற்கொலை என்றவுடன் கழி பிடித்த கை காணாமல் போய்விடுகிறது.

1970களில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சுதீர் சென்குப்தா இங்கே வந்து ஆராய்ந்தார். விழுபவற்றில் பெரும்பாலானவை இளம் பறவைகள். தொலைதூர வலசைப் பறவைகள் குறைவு. மழைவெள்ளத்தில் இருப்பிடம் இழந்து கிளம்பியவை, பனியிலும் காற்றிலும் திசை தடுமாறி வெளிச்சத்துக்கு வருகின்றன என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். ஆனாலும் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒரு மேட்டில் மட்டும் ஏன் என்ற கேள்வி முழுசாகத் தீரவில்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டால் கடவுளுக்கு அங்கே வேலை இல்லையா? விவிலியத்தின் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், பாலைவனத்தில் இறைச்சி கேட்டு அழுத இஸ்ரவேலர்களின் பாளையத்தைச் சுற்றிக் காடைகள் விழுகின்றன. கடலிலிருந்து அவற்றை அடித்துவந்தது காற்று என்று அந்த நூலே சொல்கிறது. காற்றை அனுப்பியவர் கர்த்தர் என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே அதற்கு எந்தச் சங்கடமும் இல்லை. சென்குப்தாவின் பனியும் காற்றும் ஜைந்தியரின் நம்பிக்கையைப் பொய்யாக்கிவிடாது.

அந்தக் கதையை மேலே படித்தால்தான் சிக்கல். இரவும் பகலும் காடைகளை வாரிக் குவித்தவர்களின் வாயில் இறைச்சி இருக்கும்போதே வாதை வந்து விழுகிறது. அனுப்பியவரும் அவரே, அடித்தவரும் அவரே. ஜதிங்காவில் கடவுள் கொடுத்தார் என்பவர் இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அங்கே காடைகள் மனிதன் அழைக்காமலே வந்து விழுந்தன. இங்கேயோ விளக்கைக் கம்பத்தில் ஏற்றியது மனிதன்.