கொல்லாத தோல்

கள்ளைப் புளிக்கவிட்டு வினாகிரி எடுப்போர், அதன் மேற்பரப்பிற் படரும் வழுவழுப்பான ஆடையை நன்கறிவர். 1886ஆம் ஆண்டில் அட்றியன் பிரவுண் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞர், அவ்வாடை ஒருவகைப் பற்றீரியா ஆக்கிய செலுலோசு என்று காட்டினார். பருத்தியிலும் மரத்திலும் வைக்கோலிலும் உள்ள அதே செலுலோசுதான். ஆயினும் தாவரத்தில் அது இலிக்னின் முதலிய பொருள்களோடு பிணைந்து கிடக்க, இங்கோ அவற்றின் கலப்பின்றிக் கிடைக்கின்றது.

இது விளையும் முறை வியப்புக்குரியது. பற்றீரியா தன்னைச் சூழ்ந்த கரைசலிலுள்ள குளுக்கோசை உள்வாங்கிச் சங்கிலியாகக் கோத்து, உடற்சுவரின் நுண்துளைகள் வழியே இழையாக வெளிவிடுகின்றது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகின்றன. ஒட்சிசன் இன்றி வளரமாட்டாத அவ்வுயிர், காற்றுப்படும் நீர்மட்டத்தில் நிலைத்திருக்க அப்பாய் உதவுகின்றது. நாம் கவர்ந்துகொள்வது அதன் தெப்பத்தை எனலாம்.

பிலிப்பைன்சு மக்கள் தேங்காய்நீரில் இதனை வளர்த்து இனிப்புப் பண்டமாக உண்கின்றனர். பிரேசிலில் தீப்புண்ணை மூடும் மென்படலமாயிற்று. யப்பானில் ஒலிபெருக்கியின் அதிர்தகடாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தில், தேங்காய் ஆலைகள் கழித்துவிடும் முற்றிய தேங்காயின் நீரில் இப்பாயை வளர்த்து, வாழைநார் போன்ற நார்களைச் சேர்த்து, பையும் செருப்பும் தைக்கத்தக்க தோலொத்த பொருளை ‘மலாய்’ என்னும் நிறுவனம் ஆக்கி வருகின்றது. இத்தகைய பொருள்கள் விலங்கைக் கொல்லாது பெற்றவை என்ற சிறப்பினாலேயே உலகச் சந்தையில் மதிப்புப் பெறுகின்றன. தமிழிற் சொல்வதாயின் ‘கொல்லாத தோல்’. இப்பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும்?

எடுத்த எடுப்பிலேயே ஓர் ஆட்சேபம் எழும. பாயை வெள்ளையாக்க வேண்டுமாயின் அதனை நீர்த்த எரிசோடாவில் வேகவைப்பது வழக்கம். பாயினுள் வாழும் கோடானுகோடி பற்றீரியாக்கள் அப்போது மடிந்து கரைகின்றன. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது கண்ணுக்குப் புலனாகாத இவற்றை எண்ணியிருக்க வழியில்லை. சமணரோ எண்ணினர், நொதித்த பொருள்களில் அளவிறந்த நுண்ணுயிர்கள் உண்டெனக் கருதிக் கள்ளை விலக்கினர். நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த அல்பேட் சுவைற்சர், தூக்கநோய்க் கிருமிகளை அழிக்கும் மருத்துவராக இருந்துகொண்டே, ஓருயிரைக் காக்க இன்னோருயிரைப் பலியிடுகின்றோம் என்ற நினைவை விடாதிருந்தார்.

உயிரை மதித்த அவர்களின் நுண்ணுணர்வு போற்றத்தக்கது. எனினும் தலையெண்ணி முடிவுசெய்வதாயின் மட்டக்களப்பின் எருமைத் தயிரையும் நாம் தொடமுடியாது. நோவை உணரும் ஆற்றலே அறக்கணக்கில் இடம்பெறுவதற்குரிய தகுதி என்று பீற்றர் சிங்கர் 1975இல் வெளியிட்ட ‘விலங்கு விடுதலை’ நூலில் வாதிட்டார். நரம்பு மண்டலம் அற்ற பற்றீரியாவுக்கு நோவு உண்டெனக் கொள்ள நமக்கு ஆதாரமில்லை. தோலுக்காக அறுபடும் மாட்டையும் எரிசோடாவில் வேகும் பற்றீரியாவையும் ஒரே தராசில் இடுவது, மாட்டின் நோவை மலினப்படுத்துவதாகவே முடியும். ஆகவே அந்த ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை.

எனக்குள்ள ஐயம் வேறு. நீலகேசி என்னும் சமண காவியத்தின் தலைவி பௌத்தரோடு நிகழ்த்தும் வாதங்களுள் ஒன்று, தான் கொல்லாது பிறர் கொன்றதை உண்பவனுக்குத் தீதுண்டா என்பது பற்றியது. புலான்மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவரும், வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை என்னும் நியாயத்தை முன்வைக்கின்றார். பொறுப்பு கத்தி பிடித்த கையோடு நின்றுவிடுவதில்லை என்பதே இருவர் கருத்தும். நம் சமுதாயம் இதற்கு நேர்மாறாக நடந்தது. தோலைப் பதனிட்டவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கியது. அத்தோலிற் செய்த செருப்பை அணிந்தவனோ தூயவனாகவே இருந்தான். வடஆர்க்காட்டுத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் கண்டித்தபோதும், அணிபவனை யாரும் வினவவில்லை. ‘கொல்லாத’ என்ற சொல் இந்தப் பழைய தூய்மையைப் புதிய விலையில் விற்கும் சொல்லாகிவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை. அது பொருளின் பிறப்பில் ஒரேயொரு கணத்தைப் பற்றிய கூற்று. முன்னிருந்த சர்க்கரையையும் பின்வரும் எரிசோடாவையும் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இக்கவலைக்கு நம் பகுதியிலேயே முன்னுதாரணம் உண்டு. 1950களில் வாழைச்சேனையில் எழுந்த காகித ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. வயலில் எரிந்து வீணாகும் வைக்கோல் நாட்டுக்குக் காகிதமாவது நல்ல நோக்கமே. பலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் வைக்கோலின் இலிக்னினைப் பிரிக்கும்போது எஞ்சும் கரிய நீர் களப்பைச் சென்றடைந்தது. கழிவைப் பயனாக்கிய தொழில், அக்களப்பின் மீனுக்கும் மீனவனுக்கும் வேறொரு கழிவை விட்டது.

பற்றீரியாச் செலுலோசில் நீக்கவேண்டிய இலிக்னின் இல்லை. அந்த வகையில் இது வைக்கோற் காகிதத்தினும் மேலானதே. தெங்கு செழித்த இக்கரையில், புளியந்தீவை அண்டி இத்தொழில் எழுவதாயின் நான் வரவேற்பேன். ஆயினும் பாய் எடுத்தபின் எஞ்சும் புளித்த நீரும், பாயை அவித்த எரிசோடாவும் எங்கே போகும் என்று கேட்பேன். இரண்டையும் அளவறிந்து கலந்தால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தணிக்கும். கரைந்த சர்க்கரையும், மடிந்த பற்றீரியாக்களின் புரதமும் அப்போதும் நீரிலேயே இருக்கும். அவை வாவியிற் கலந்தால், அவற்றை உண்டு பெருகும் வேறு நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். வரட்சிக் காலத்தில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, வாவிநீர் கடலோடு கலவாது நிற்பதுண்டு. அம்மாதங்களில் விடப்படும் கழிவு, இறாலும் மீனும் வாழும் அந்நீரிலேயே தங்கும்.